ஒரு கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்கு: ஒரு சென்னை மெட்டல் பேண்டின் 18 வருடங்கள்

புதிதாக மெட்டல் பேண்ட் தொடங்கும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "அண்ணா, இந்த சவுண்டுக்கு எந்த பெடல் யூஸ் பண்றீங்க?" பெடல் என்றால் கிட்டார் ஒலியை மாற்றக் காலால் மிதிக்கும் பெட்டி. அதன் பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அதே பெடலை வாங்கிப் போய் மிதித்தாலும் அவர்களுக்கு அந்த ஒலி வராது. எங்களுக்கே அது பெடலில் இருந்து வரவில்லை.

18 வருடத்தில் எங்கள் ஒலி ஐந்து முறை மாறியிருக்கிறது. ஒரு முறைகூட "இனிமேல் இப்படி வாசிப்போம்" என்று உட்கார்ந்து பேசி மாற்றவில்லை. ஏதோ ஒன்று உடைந்தது, ஏதோ ஒன்று தண்ணீரில் போனது, யாரோ ஊரை விட்டுப் போனார்கள். அதைச் சமாளிக்கப் போன இடத்தில் ஒரு புது ஒலி கிடைத்தது.

இந்த இசை பிறந்த கதையும் இப்படித்தான். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்துத் தகடு ஆலையில் வேலை பார்த்த டோனி அயோமிக்கு 17 வயதில் இயந்திரத்தில் கை சிக்கி வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. அவர் இடக்கைக்காரர். அதாவது கம்பியை அழுத்த வேண்டிய விரல்களே போயின. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, அதன் மேல் தோல் ஒட்டி வாசித்தார். மெல்லிய கம்பி தேடினார். 1971-ல் வந்த, அவருடைய பேண்டான பிளாக் சப்பாத்தின் மூன்றாவது ஆல்பத்தில் கிட்டாரை ஒன்றரைச் சுரம் கீழே இறக்கினார். கம்பி தளர்ந்தால் விரலுக்குச் சுமை குறையும். அந்தத் தளர்ச்சியில் வந்த கனத்தைத்தான் உலகம் முழுக்க இன்றும் வாசித்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் கதை 2006-ல் ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி விடுதியில் தொடங்கியது. ஐந்து பேர். நான் ரிதம் கிட்டார். ஜாம் ரூம் எனப்படும் ஒத்திகை அறைக்கு மணிக்கு 150 ரூபாய், ஆளுக்கு 30. அந்தக் காசுக்காகவே வாரத்துக்கு ஒரு நாள்தான் போவோம். மற்ற நாட்களில் டிரம்மர் விடுதி மொட்டை மாடியில் பழைய ஸ்கூட்டர் டயரை ஸ்டூல் மேல் வைத்து அடிப்பான். டயரில் குச்சி டிரம்மில் திரும்புவது போலத் திரும்பாது. ஒவ்வொரு அடிக்கும் மணிக்கட்டுதான் குச்சியைத் தூக்க வேண்டும். பிற்காலத்தில் அவனிடம் எல்லோரும் வியந்த அந்தச் சீரான பதினாறாம் அடிகள் (ஒரு தாள எண்ணிக்கைக்குள் நான்கு அடி) முழுக்க அந்த டயரின் உழைப்பு.

அயர்ன் மெய்டன், மெட்டாலிகா என்று பெரிய பேண்டுகளின் பாட்டுகளைத்தான், அதாவது கவர்தான், வாசித்தோம். பாடகனுக்கு மேல் ஸ்தாயி எட்டவில்லை. ஒரு நாள் ஜாமில் அதே வரியில் நான்காவது முறையாகக் குரல் உடைந்தபோது, கோபத்தில் அந்த வரியை அடிவயிற்றிலிருந்து உறுமித் தள்ளினான். வாசிப்பு நின்றுவிட்டது. டிரம்மர்தான் முதலில் வாயைத் திறந்தான்: "மச்சான், இத அப்படியே வெச்சுக்கோடா." எங்கள் முதல் ஒலி மாற்றம் அதுதான்.

ஆனால் உறுமத் தெரியாமல் உறுமினோம். மூன்றே மாதத்தில் அவனுக்குக் குரல் போனது. மூன்று வாரம் வெறும் காற்றுதான் வந்தது. காது மூக்கு தொண்டை மருத்துவர் கேமராவை விட்டுப் பார்த்து, குரல்நாண்கள் சிவந்து வீங்கியிருப்பதைத் திரையில் காட்டினார். அதற்குப் பிறகு அவன் கற்றுக்கொண்டதை உறும ஆசைப்படும் எல்லோருக்கும் சொல்வேன். குரோல் எனப்படும் இந்த உறுமலுக்குத் தொண்டையை இறுக்கக் கூடாது. நாம் பேசும் குரல்நாண்களுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி மடிப்பு உண்டு. பொய்க் குரல்நாண்கள் என்பார்கள். அவை அதிர வேண்டும். மூச்சு வயிற்றிலிருந்து வர வேண்டும். பக்கத்து அறையில் தூங்குபவர் விழிக்காத அளவு சத்தத்திலேயே நல்ல குரோல் வரும். அதைப் பெரிதாக்குவது மைக்கின் வேலை. முதல் வருடம் ஒரு நாளைக்கு 20 நிமிடம் போதும். தொண்டையில் கரகரப்பு தொடங்கினால் தண்ணீர் குடித்துவிட்டு நிறுத்த வேண்டும். வலி வந்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், மேடையே இருந்தாலும்.

2007 மார்ச் 17. அயர்ன் மெய்டன் பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் வாசித்த நாள். இரவு பஸ் பிடித்துப் போய் நின்றோம். அந்தக் கூட்டத்தில் கண்ணீர் விட்டு அழுத ஆட்களைப் பார்த்தேன், நானும் அழுதேன். திரும்பி வரும் பஸ்ஸில் எங்கள் பாஸ் கிட்டார் வாசிப்பவன் வேலூர் வரை பேசவே இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னான்: "மூணு கிட்டார் இருக்கு. அப்பவும் பாஸ் தனியா கேக்குது. நான் இவ்ளோ நாளா உன் ரிஃப்ப கீழ வாசிச்சுட்டு இருக்கேன், அவ்ளோதான்." ரிஃப் என்பது பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டு. அன்றிலிருந்து அவன் என்னை நகலெடுப்பதை விட்டான். நான் ஒரே கம்பியில் நிற்கும்போது அவன் நடப்பான்; நான் ஓடும்போது அவன் நிற்பான்.

பாடகனின் உறுமல் அடியில் இருக்க, எங்கள் ரிஃப்கள் அதற்கு மேலே எங்கோ மிதந்தன. குரலையும் கிட்டாரையும் ஓரிடத்தில் சேர்க்க 2008-ல் டிராப் சி டியூனிங்குக்கு இறங்கினோம். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் ஒரு கட்டை சுருதி. அடிக்கம்பி நான்கு அரைச்சுரம் கீழே, மற்றவை இரண்டு. இறக்கியதும் கம்பி ஈரக் கொடிக்கயிறு போல ஆடியது. ஒவ்வொரு அடியிலும் சுரம் மேலே போய்க் கீழே விழுந்தது. கிட்டார் சரியில்லை என்று நினைத்து ஆறு மாதம் புலம்பினேன். காரணம் எளியது. அப்போது நான் போட்டிருந்தது 9-42 செட். அந்த எண்கள் செட்டில் மிக மெல்லிய கம்பியின் பருமனும் மிகத் தடித்த கம்பியின் பருமனும், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில். அதே கம்பியை நான்கு அரைச்சுரம் இறக்கினால் இழுவிசையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். 11-56 போட்டதும் எல்லாம் நிமிர்ந்தது. கம்பி தடிக்கும்போது, கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் நட்டின் பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும், கழுத்தின் வளைவைச் சரிபார்க்க வேண்டும், கம்பிகளின் மறுமுனையைத் தாங்கும் பாலத்தில் (பிரிட்ஜ்) ஒவ்வொரு கம்பியின் நீளத்தையும் திருத்த வேண்டும். இதற்கு ஆன செலவு, நான் அந்த வருடம் ஆசைப்பட்ட பெடலின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

2009-ல் ஐ.ஐ.டி. மெட்ராஸ் சாரங் விழாவில் ஸ்வீடனின் ஓபெத் பேண்ட் வாசித்தது. எங்கள் ஊரிலேயே, திறந்தவெளி அரங்கில். அவர்கள் உறுமி முடித்த நொடியில் எல்லாம் அடங்கி ஒற்றை கிட்டார் மெல்லிசாக வரும் இடங்கள் என்னை உலுக்கின. அதுவரை எங்கள் பாட்டில் மூச்சு விட ஓர் இடம்கூட இல்லை. அடுத்த வாரமே நான்கு பாட்டுகளில் இரண்டிரண்டு தாளம் மௌனம் வைத்தோம். மௌனத்துக்குப் பிறகு வரும் அதே பழைய ரிஃப் இரண்டு மடங்கு கனமாகக் கேட்டது.

அடுத்த வருடம் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி விழா. சொந்தப் பாட்டோடு நாங்கள் போன முதல் வெளியூர் மேடை. நன்றாக வாசித்த திருப்தியோடு இறங்கினோம். நண்பன் கேமராவில் எடுத்திருந்ததைப் போட்டுக் கேட்டால் டிரம்ஸ், பாஸ், உறுமல் மூன்றும்தான் இருக்கின்றன. இரண்டு கிட்டார் வாசித்த தடமே இல்லை. என் விரல் ஓடுவது படத்தில் தெரிகிறது, சத்தம் வரவில்லை. அன்று இரவு லாட்ஜில் அதே வீடியோவை ஏழெட்டு முறை பார்த்தேன்.

வீட்டில் தனியாக வாசிக்கும்போது ஆம்ப்பில் மிட் (நடுப்பகுதி) குமிழைக் குறைத்து, பேஸையும் டிரெபிளையும் ஏற்றினால் அருமையாக இருக்கும். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் வைத்திருந்தோம். மேடையில் அடிப்பகுதியை பாஸும் கிக் டிரம்மும் பிடித்துக்கொள்ளும், மேல்பகுதியை சிம்பல் பிடித்துக்கொள்ளும். கிட்டாருக்கென்று இருக்கும் ஒரே இடம் நடுப்பகுதி. அதைத்தான் நாங்களே வழித்து எறிந்திருந்தோம். சவுண்ட்காரர் மேல் பழி போட்டுக்கொண்டு வந்தவன், ஊர் திரும்பியதும் மிட்டை ஏற்றி, ஒலியைக் கரகரப்பாக்கும் கெயினைப் பாதியாக்கினேன். கெயின் குறைந்தால் கை செய்யும் தவறெல்லாம் வெளியே தெரியும். அந்த அவமானத்தில்தான் என் வலது கை உருப்பட்டது. பதிவு செய்யும்போது இன்னும் குறைக்க வேண்டும். கனம் வேண்டுமென்றால் அதே ரிஃப்பை இரண்டாம் முறை வாசித்து ஒன்றை இடது ஓரத்திலும் மற்றதை வலது ஓரத்திலும் வைக்க வேண்டும். ஒரே பதிவை நகலெடுத்து இரண்டு பக்கமும் வைத்தால் அது நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டு முறை வாசிக்கும்போது வரும் இம்மியளவு வித்தியாசத்தில்தான் அகலம் இருக்கிறது.

காதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் இடது காதில் 2011 முதல் மெல்லிய விசில் ஒன்று விடாமல் ஒலிக்கிறது. சிம்பல் பக்கம் நின்று வாசித்த காது. 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது பொதுவாக வைத்திருக்கும் வரம்பு; ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். மூடிய ஜாம் ரூமில் நாங்கள் மூன்று மணி நேரம் நின்றோம். நுரை அடைப்பான் ஒரு டீ விலைக்குக் கிடைக்கிறது. இதைப் படிக்கும் யாராவது ஒருவர் இந்த வாரம் அதை வாங்கிப் போட்டுக்கொண்டால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

2012-ல் டிரம்மர் வேலை மாறி பெங்களூர் போனான். பேண்ட் முடிந்தது என்றே நினைத்தோம். மாதம் ஒரு முறை சேர முடிந்தது. மீதி நாள் ஃபைல் அனுப்பிக்கொண்டோம். நான் வீட்டில் கிட்டாரைப் பதிவு செய்து அனுப்புவேன், அவன் அதற்கு அடிப்பான். முதல் ஃபைலிலேயே வண்டவாளம் வெளியானது. நிமிடத்துக்கு 180 அடியில் தொடங்கும் எங்கள் பாட்டு நான்கு நிமிடத்தில் 200-ஐத் தாண்டி ஓடியது. அறையில் ஒன்றாக வாசித்தபோது எல்லோரும் சேர்ந்து ஓடியதால் யாருக்கும் தெரியவில்லை. கிளிக், அதாவது காதில் ஒரே சீராகத் தட்டும் தாள ஒலி, போட்டு வாசிக்கக் கற்றுக்கொண்டது அந்தப் பிரிவினால்தான். 110-ல் தொடங்கி, ஒரு பிழையும் இல்லாமல் ஐந்து முறை வாசித்தால் மட்டும் 5 ஏற்றுவது என்று வைத்துக்கொண்டோம். 180-க்கு வர இரண்டு மாதம் ஆனது. அப்படி வந்து சேர்ந்த வேகத்தை அதன் பிறகு நாங்கள் இழக்கவில்லை.

அதே சமயத்தில்தான் ஏழு அடி ரிஃப் ஒன்று எங்களை அலைக்கழித்தது. ஆங்கிலத்தில் ஒன், டூ, த்ரீ என்று எண்ணிப் பார்த்தோம்; செவனுக்கு மட்டும் இரண்டு அசை இருப்பதால் அந்த இடத்திலேயே தடுக்கி விழுந்தோம். சின்ன வயதில் மிருதங்கம் கற்றுப் பாதியில் விட்ட லீட் கிட்டார்காரன் போனில் சொன்னான்: "எண்ணாதடா, சொல்லு. தகிட தகதிமி." மிஸ்ரம். அவ்வளவுதான். ஐந்துக்குத் தக தகிட, ஒன்பதுக்குத் தகதிமி தக தகிட. வாயில் வந்துவிட்டால் கைக்குத் தானாக வருகிறது.

தமிழுக்கு வந்த கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

சிங்கப்பூரில் 1992-ல் தமிழர்கள் தொடங்கிய ருத்ரா என்ற பேண்ட் உண்டு. 1998-ல் முதல் ஆல்பம். உறுமலும் வேகமும் கொண்ட டெத் மெட்டலுக்குள் சமஸ்கிருத சுலோகங்களையும் வேதாந்தத்தையும் வைத்துத் தங்கள் இசைக்கு வேதிக் மெட்டல் என்று பெயரிட்டவர்கள். அவர்களைக் கேட்ட பிறகுதான், ஏன் நாம் நார்வே மெட்டல் பேண்டுகளைப் போலப் பனியைப் பற்றி ஆங்கிலத்தில் உறுமிக்கொண்டிருக்கிறோம் என்ற கேள்வி எங்களுக்குள் எழுந்தது. சென்னையில் பிறந்து வளர்ந்த ஐந்து பேர். பனி பார்த்தவன் ஒருவனும் இல்லை.

பாடகன் எழுதிய முதல் தமிழ்ப் பாட்டு காகிதத்தில் அழகாக இருந்தது. அகதி, நதி, அலை, விழி என்று மென்மையான சொற்கள். உறுமினால் ஒரு சொல்லும் புரியவில்லை. வெறும் "ஆ... ஆ... ஈ". ஆங்கிலத்திலும் புரியாதுதான்; ஆனால் தமிழில் புரியாதபோது எங்களுக்கே வலித்தது.

ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக உறுமிப் பார்த்தோம். அன்று கண்டதுதான் இந்த 18 வருடத்தில் எங்களுக்குக் கிடைத்த பெரிய செல்வம் என்பேன். குரோலில் உயிரெழுத்துகளின் வேறுபாடு மங்கிவிடுகிறது; எல்லாம் ஒரே இருட்டாகிவிடுகிறது. கேட்பவரின் காது மெய்யெழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் சொல்லை அறிகிறது. தமிழில் வல்லின எழுத்து இரண்டு உயிர்களுக்கு நடுவில் தனியாக வந்தால் குழைந்துவிடும். "அகம்" என்னும்போது வரும் 'க' கிட்டத்தட்ட மூச்சுக்காற்று. அதுவே இரட்டித்து வந்தால் வெடிக்கும். அக்கம், வெட்டு, கொற்றம், தப்பு, பத்து. க்க, ட்ட, த்த, ப்ப, ற்ற. ஒவ்வொன்றும் டிரம் செட்டில் சுள்ளென்று ஒலிக்கும் ஸ்னேரின் அடி போல விழுகிறது. மெல்லினமும் இடையினமும் தாளத்தை இழுத்துப் பிடிக்க உதவும். அடிக்கு வல்லினம்தான் வேண்டும். பழைய யாப்பில் வல்லெழுத்து மிகுந்து வருவதற்கு வல்லிசை வண்ணம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டபோது மெய்சிலிர்த்தது.

எதுகையும் கை கொடுத்தது. ஒவ்வோர் அடியிலும் இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால், ஒவ்வோர் அடியிலும் ஒரே இடத்தில் ஒரே வெடிப்பு. டிரம்மர் அந்த இடத்தில் ஸ்னேரை வைத்தால் போதும், சொல்லும் அடியும் ஒன்றாகிவிடும். பிற்பாடு நாங்கள் எழுதிய ஒரு பாட்டின் தொடக்கம் இது:

கட்டிய சுவரைத் தட்டியது ஏரி
பட்டா எங்கே, கேட்டது ஏரி

முதல்முறை கேட்பவருக்கும் இது புரிகிறது. உறுமலில்.

பாட்டின் பொருளுக்கும் நாங்கள் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. மெட்டல் என்றாலே பேய், பிணம், இரத்தம். நம் மரபுக்கு ஒவ்வாது என்று சொல்பவர்கள் உண்டு. பரணி என்ற இலக்கிய வகையைப் படித்துப் பார்க்கச் சொல்வேன். போர்க்களத்தில் பேய்கள் கூடிக் கூழ் சமைக்கும் பகுதியைப் படித்த அன்று எங்கள் பாடகனுக்குத் தூக்கமே வரவில்லை.

ஏரிப் பாட்டு எப்படி வந்தது என்பது சென்னைக்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும். 2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. எங்கள் சாமான்கள் எல்லாம் ஜாஃபர்கான்பேட்டையில், அடையாற்றிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு தரைத்தள அறையில் இருந்தன. ஐந்தாம் தேதிதான் உள்ளே போக முடிந்தது. சுவரில் என் நெஞ்சு உயரத்துக்குச் சேற்றுக் கோடு. ஆம்ப் கேபினெட்டின் ஒட்டுப்பலகை ஊறிப் புத்தகம் போலத் தாள் தாளாக விரிந்திருந்தது. ஸ்பீக்கர் காகிதம் விரல் பட்டதும் கையோடு வந்தது. கிக் டிரம்முக்குள் பாதி அளவு சேறு. அதில் ஒரு குழந்தைச் செருப்பு. யார் வீட்டிலிருந்து வந்ததோ. டிரம்மர் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். அந்தச் செருப்பை எடுத்துக் கழுவி ஜன்னல் விளிம்பில் வைத்தான். அன்று யாரும் வாத்தியத்தைப் பற்றிப் பேசவில்லை. அந்தத் தெருவில் பால் பாக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தவர்களோடு சேர்ந்துகொண்டோம்.

என் கிட்டார் வீட்டில் இருந்ததால் தப்பியது. ஆம்ப் வாங்கக் காசு சேர எட்டு மாதம் ஆனது. அது வரை கரண்ட் இல்லாத கிட்டாரை மடியில் வைத்து வாசித்தேன். எங்கள் அடுக்ககத்தில் மாடி வீட்டு அம்மா மாலையில் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார். தினமும் ஐந்து மணிக்கு ச ரி க ம, சரளி வரிசை, மாயாமாளவகௌளை. சும்மா இருக்க முடியாமல் அதை அடிக்கம்பியில், உள்ளங்கையால் அமுக்கி வாசித்தேன். ச-வுக்கும் ரி-க்கும் நடுவில் அரைச்சுரம், அதற்குப் பிறகு க-வுக்கு ஒரு பெரிய தாவல். ஆயிரம் மெட்டல் ரிஃப்கள் வாழ்வது அந்த அரைச்சுரத்தில்தான். தமிழ்நாட்டில் பாட்டுக் கற்கும் ஒவ்வொரு குழந்தையும் முதல் நாள் வாயில் எடுக்கும் சுரம். இத்தனை வருடம் அதை வெளியூர்ச் சரக்கு என்று நினைத்துத் தேடியிருக்கிறேன். அதே அரைச்சுரத்தில் தொடங்கும் ஹனுமத்தோடி, வகுளாபரணம் ராகங்களையும் அந்தக் கோடையில் பழகினேன். ஒரு எச்சரிக்கை: கிட்டாரைக் கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷனில் மூன்றாம் சுரத்தைச் சேர்த்து அழுத்தினால் குழம்பும். ச-வும் ப-வும் மட்டும் சேர்த்து வாசித்து, ரி, க, த, நி எல்லாவற்றையும் ஒற்றைக் கம்பியில் நடக்கவிட வேண்டும்.

அந்த மின்சாரமில்லாத மாதங்களில்தான் பறை வந்தது. அதை வாசிக்கும் அண்ணன் வெள்ள நிவாரண வேலையில் பழக்கமானவர், செங்கல்பட்டுப் பக்கம், எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். அழைத்தபோது அவர் முதலில் வைத்த நிபந்தனை இது: "தொடக்கத்துல அர நிமிஷம் அடிச்சிட்டு ஓரமா நிக்கிறதுக்குக் கூப்புடாதீங்க தம்பி. நெறய பேரு அப்படித்தான் கூப்புட்டாங்க. நின்னா முழுப் பாட்டுக்கும் நிப்பேன்." அவர் அப்படிச் சொல்ல வேண்டி வந்ததே எனக்கு வெட்கமாக இருந்தது. சாவு வீட்டு மேளம் என்று ஊர் ஒதுக்கிய கருவி. இப்போது மேடையில் அலங்காரத்துக்குக் கூப்பிடுகிறார்கள். எங்கள் பேண்டில் அவர் ஆறாவது ஆள். பாட்டை ஆக்கியவர் பட்டியலில் அவர் பெயர் உண்டு, பணத்தில் ஆறில் ஒரு பங்கு உண்டு. பறையை அழைக்க நினைக்கும் பேண்டுகளுக்கு நான் முதலில் சொல்லும் நடைமுறைப் பாடமும் இதுதான். பங்கை எழுதிவைத்துவிட்டு ஒத்திகையைத் தொடங்குங்கள்.

பறையோடு எங்கள் பழைய பாட்டு ஒன்றுகூட ஒட்டவில்லை. நான் பதினாறாம் அடிகளை இயந்திரம் போல நேராக வாசிப்பவன். அண்ணனின் அடிக்குச்சியும் சுண்டுகுச்சியும் ஒவ்வொரு தாளமும் மூன்றாகப் பிரியும் ஊஞ்சலில் ஆடின. கிளிக்கை ஹெட்போனில் கொடுத்தோம். பத்து நிமிடத்தில் கழற்றி வைத்தார். "இது என்ன தம்பி, கடிகாரம் மாரி. ஆட்டம் ஏற ஏற அடியும் ஏறணும்ல?" மூன்று வருடம் உயிரைக் கொடுத்துப் பழகிய கிளிக். ஆனால் அவர் சொன்னது சரி. கடைசியில் வழி இப்படிக் கிடைத்தது: முதலில் பறையைத் தனியாக, அவர் போக்கில் பதிவு செய்தோம். பிறகு கணினியில் அந்தப் பதிவின் ஒவ்வொரு தாளத்தையும் குறித்து, கிளிக்கை அவர் வேகத்துக்கு வளைத்தோம். அந்த வளைந்த கிளிக்கைக் கேட்டுத்தான் மற்றவர்கள் வாசித்தோம். கிளிக்கோடு இருந்த பழக்கம் வீணாகவில்லை. வேகத்தை முடிவு செய்பவர் மட்டும் மாறினார். டிரம்மர் தன் ஸ்னேரைப் பாதி இடங்களில் விட்டுக்கொடுத்தான். பிளாஸ்ட் பீட் என்ற அதிவேக டிரம் அடி குறைந்தது. நான் பல இடங்களில் வாசிப்பதையே நிறுத்தினேன்.

தோல் கருவிக்குச் சூடு வேண்டும். கடற்கரை ஊரின் ஈரத்தில் காய்ச்சிய பறை கால் மணி நேரத்தில் தளர்ந்துவிடும். அரங்கத்துக்குள் நெருப்பு மூட்ட விட மாட்டார்கள். கட்டட வேலைக்குப் பயன்படுத்தும் 500 வாட் ஹாலோஜன் விளக்கு ஒன்றை வாங்கி மேடையின் பின்பக்கம் வைத்தோம். இரண்டு பறை, ஒன்று காயும், ஒன்று ஒலிக்கும். பாட்டு வரிசையையே அதற்கு ஏற்றபடிதான் போடுகிறோம். மைக்கை ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும், நடுவுக்கு நேராக வைக்காமல் சற்றே விளிம்பு நோக்கி; கிட்ட வைத்தால் குச்சியின் சொடுக்கு மட்டும் கேட்கும், தோலின் முழக்கம் கேட்காது.

2018-ல் சென்னையில் ஒரு திறந்தவெளி மேடையில் ஏரிப் பாட்டை வாசித்தபோது முன்னால் அறுநூறு பேர் இருந்திருப்பார்கள். 2007-ல் எங்கள் முதல் நிகழ்ச்சிக்கு வந்தவர்கள் நாற்பது. "பட்டா எங்கே" என்று பாடகன் உறுமி நிறுத்த, "கேட்டது ஏரி" என்று கூட்டம் திருப்பிச் சொன்னது. பின்வரிசையில் புடவையில் இரண்டு அம்மாக்கள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள், அண்ணனின் தெருக்காரர்கள். மெட்டல் என்ற சொல்லையே அன்றுதான் அவர்கள் கேட்டிருப்பார்கள்.

ஊரடங்குக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வீட்டிலிருந்தே பதிவு செய்தோம், பழகிய வேலைதான்.

2022-ல் ஒரு பாட்டின் நடுவில் மட்டும் பாட ஒரு பெண்ணை அழைத்தோம். ஐந்தரைக் கட்டையில் பாடிப் பழகிய குரல். எங்கள் ஒரு கட்டைச் சுருதியில் மெட்டு அவளுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டது. மெட்டு மேலே ஏறும் இடத்தில் மட்டும் குரல் திறந்தது. அப்போது அறையே மாறியது. நடுப்பாட்டுக்கு வந்தவள் இப்போது ஏழாவது ஆள். பாடகனுக்கும் நாற்பது நெருங்குகிறது. முன்பு போல ஒன்றரை மணி நேரம் உறும முடிவதில்லை, உறுமவும் வேண்டாம் என்று நாங்களே சொல்லிவிட்டோம். அவன் இரண்டு வரி, அவள் இரண்டு வரி. அவளுக்காக மொத்தப் பாட்டுகளையும் ஒரு முழுச்சுரம் ஏற்றி இரண்டு கட்டைக்குக் கொண்டுவருகிறோம். ரிஃப்பின் இருட்டு கொஞ்சம் குறைகிறது என்று லீட்காரனுக்கு வருத்தம். எனக்கு அவள் குரல் அந்த உயரத்தில் பறையோடு சேரும் இடம் போதும்.

டிராப் டி-க்கு 11-56 கல்லாக இருக்கிறது. விரல் வளைக்க வரவில்லை. போன வாரம் 10-52 இரண்டு செட் வாங்கி வந்தேன். 2008-ல் நட்டில் அகலப்படுத்திய பள்ளத்தில் மெல்லிய கம்பி ஆடி, சும்மா தட்டினாலே கறகறக்கிறது. புது நட் போட ரிப்பேர்காரரிடம் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார், சனிக்கிழமை ஒத்திகை.